கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும் பழைய மினி டிராக்டர்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: தென்னந்தோப்புக்காக வாங்கிய பழைய மூன்று சிலிண்டர் டீசல் மினி டிராக்டர். 2009 மாடல், 18 எச்.பி. பக்கம். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்க் டீசலோடு ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ரோட்டவேட்டர் போட்டுக் கால் மணி நேரம் உழுதால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. ஏர் எடுத்தால், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால், மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

தம்பி, பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பம்பு தேய்ந்ததற்கான அடையாளம் இல்லை. பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்த வண்டி சூடேறிய பின் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், லோடில் இழுக்காது. ஏர் எடுத்த உடனே அந்த வியாதி குணமாகிவிடாது. உங்கள் வண்டி ஏர் எடுத்ததும் ஓடுகிறது என்றால், ஒன்று பம்புக்குப் போதுமான டீசல் வந்து சேரவில்லை, இல்லை டீசலோடு காற்றும் சேர்ந்து வருகிறது. இரண்டுமே டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள கோளாறு. அந்த இடத்தில் இருப்பது டேங்க் மூடி, காக் (டேங்கின் வாயில் டீசலைத் திறந்து மூடும் குழாய்), ரப்பர் டியூப், பில்டர், சில வாஷர்கள். எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாலும் பம்பு சர்வீஸ் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். நல்ல பம்பைக் காரணமில்லாமல் பிரித்து, திரும்பப் பூட்டும்போது டைமிங் (டீசல் பாயும் நேரம்) கெட்டுப்போன வண்டிகள் நிறைய உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்று புகுந்தால் டீசல் இன்ஜின் ஏன் நிற்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பம்பு டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் அதைத் தெளிக்கும் நாசிலுக்கு அனுப்புகிறது. நாசில் திறக்க, வண்டியைப் பொறுத்து சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோ முதல் 200 கிலோ வரையோ அதற்கு மேலோ பிரஷர் வேண்டும். டீசல் அவ்வளவாக அமுங்காது, அதனால் பிளஞ்சர் தள்ளியதும் அந்தப் பிரஷர் வந்துவிடும். காற்று அமுங்கும். பைப்பில் காற்று இருந்தால் பிளஞ்சர் மேலும் கீழும் போய்வரும், காற்றுக் குமிழி சுருங்கும், விரியும், அவ்வளவுதான். நாசில் திறக்காது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். மழைக்காலத்தில் நின்ற வண்டியில் அது துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். டாஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளியிருப்பீர்கள், ஆனால் பம்புப் பக்கம் லீவர் முழுதாகத் திரும்பியிருக்காது. இன்ஜின் ஓடும், லோடில் திணறும். கையால் லீவரைத் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது டேங்க் மூடி. இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளையில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துவிட்டால், டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. ஸ்டார்ட் ஆகும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் திணறும், நின்றுவிடும். நீங்கள் இறங்கி, மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் காற்று உள்ளே போய்விடும். அப்புறம் ஏர் எடுப்பீர்கள், ஓடும். ஏர் எடுத்ததால்தான் ஓடியது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் அடுத்த முறை திணற ஆரம்பித்த உடனே, நிற்பதற்கு முன்பே, ரோட்டவேட்டரை விடுவித்துவிட்டு, மூடியை மட்டும் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, இன்ஜின் மறுபடி சுதாரித்துக்கொண்டால் வியாதி மூடியில்தான். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, டீசலில் கழுவி, ஊதிப் பார்த்துப் போடுங்கள்.

மூடி சரியாக இருந்தால் டேங்க். மழைக்காலத்தில் பாதி டேங்க் டீசலோடு நின்ற வண்டி என்பதால் எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். பகலில் தகரம் சூடாகி, இரவில் குளிரும்போது மேல் பாதியில் இருக்கும் ஈரக்காற்று வியர்த்து, தண்ணீராக அடியில் இறங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளரும். கருப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று ஒரு கசடு உண்டாகும். இன்ஜின் இழுக்கும்போது இந்தக் கசடு டேங்கின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும்; வண்டி நின்றதும் விலகிவிடும். அதனால்தான் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. டேங்க் மேலே இருந்து டீசல் தானாக இறங்கும் வண்டியாக இருந்தால், பில்டருக்குப் போகும் டியூபை பில்டர் பக்கம் கழற்றி ஒரு சுத்தமான கேனில் விடுங்கள். மூடியை மூடியபடியே காக்கைத் திறந்து டீசல் ஓட்டத்தைக் கவனியுங்கள். முதல் நிமிடம் எப்படி வருகிறதோ, அதே கனத்தில் நாலைந்து லிட்டர் வரைக்கும் வர வேண்டும். போகப் போக மெலிந்தால் மூடியைத் திறங்கள். உடனே கனம் கூடினால் மூடிதான் காரணம். மூடியைத் திறந்த பிறகும் மெலிவாகவே வந்தால் டேங்க் வாய், காக், டியூப் இவற்றில் அடைப்பு. இப்படிப் பிடித்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர்.

தண்ணீரோ கசடோ இருந்தால் அரைகுறையாக வடிக்காதீர்கள். டேங்கைக் கழற்றி இறக்கி, காக்கை எடுத்து, அதன் உச்சியில் இருக்கும் சல்லடையையும் பாருங்கள். இரண்டு மூன்று லிட்டர் நல்ல டீசல் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவ வேண்டும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தீப்பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், உள்ளே மடிப்புகளில் ஈரம் நிற்கும், துரு பிடிக்கும். உள்பக்கம் ஏற்கெனவே துருச் செதிள் உதிர்கிறது என்றால் டேங்கை மாற்றிவிடுவதே நல்லது.

இப்போது ரப்பர் டியூபுக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "எங்கேயும் டீசல் ஒழுகவில்லையே, அப்புறம் எப்படிக் காற்று போகும்?" என்று கேட்பார்கள். பீட் பம்பு என்ற சின்னப் பம்பு வைத்து டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் வண்டியில், டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் உள்ள பாகம் உறிஞ்சும் பாகம். அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கும். பீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் கசிவு கண்ணுக்குத் தெரியும். கிளிப்பைத் தளர்த்தி, டியூப் முனையை வளைத்துப் பாருங்கள். கிளிப் அழுத்திய இடத்தில் மெல்லிய வெடிப்புகள் விரிந்தால் டியூபின் ஆயுள் முடிந்தது. பதினைந்து வருடத்து டியூப் என்றால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

கடையில் பழைய டியூபைக் காட்டி, அதே உள்விட்டத்தில், டீசலுக்கென்றே வரும் நைட்ரைல் ரப்பர் டியூப் கேளுங்கள். மருந்தடிக்கும் ஸ்பிரேயர் டியூப், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் இவையெல்லாம் சில மாதத்தில் விறைத்துப்போய்க் கிளிப்புக்குள் லூஸாகிவிடும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் டியூபால் ஒரு நல்ல பயன் உண்டு. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி நீளத்துக்குத் தற்காலிகமாக அதைப் பூட்டி இன்ஜினை ஓட்டுங்கள். சுத்தமான டீசல் மட்டும் போனால் டியூபில் ஒன்றுமே அசையாதது போல் தெரியும். காற்று வந்தால் குமிழிகள் வரிசையாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வந்தால், டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கிளிப்பை இறுக்கிக்கொண்டே வாருங்கள். எதை இறுக்கும்போது குமிழி நிற்கிறதோ அதுதான் இடம். சோதனை முடிந்ததும் மறக்காமல் ரப்பர் டியூபைப் பூட்டிவிடுங்கள்.

பில்டரில் ஒரே ஒரு விஷயம்தான் கவனிக்க வேண்டும். கப்பைக் கழற்றி எலிமெண்ட்டை மாற்றும்போது, பழைய ரப்பர் ரிங் மேலே தலைப்பகுதியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நீங்கள் புது ரிங்கைக் கப்பில் வைத்து இறுக்குவீர்கள். இரண்டு ரிங்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, ஒரு பக்கம் இடைவெளி விழும். பில்டர் மாற்றிய பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது என்று சொல்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் பள்ளம் முழுக்கத் தடவுங்கள். எலிமெண்ட்டை வருடத்துக்கு ஒரு முறை, அல்லது மேனுவலில் சொன்ன மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஊதிக் கழுவித் திரும்பப் போடுவது வேண்டாம். காகிதம் கிழிந்தால் மண் நேராகப் பம்புக்குப் போகும். பம்பில் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அந்த அளவுக்குத் தூசி எவ்வளவு பெரிய எதிரி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பீட் பம்பு இருக்கிற வண்டியில், அதன் வெளியே போகும் டியூபைக் கழற்றிவிட்டுக் கை லீவரை அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் டீசல் பலமாகப் பீய்ச்ச வேண்டும். உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற ஜவ்வு கிழிந்த பம்பில் அது சோர்ந்து வழியும். இதோடு இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைய வேண்டியது ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், டயாபிரம் வழியாக டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், அது லட்சக் கணக்கில் இழுக்காவிட்டாலும் பெரிய செலவு.

இவ்வளவும் சரிசெய்த பிறகு ஏர் எடுக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே எடுக்கத் தெரிந்தவர்தான், ஆனாலும் வரிசை தவறினால் காற்று முழுதாகப் போகாது என்பதால் சொல்கிறேன். டேங்கை முக்காலுக்கு மேல் நிரப்புங்கள். பில்டர், பம்பு, நாசில் பைப் நட்டு எல்லாவற்றையும் முதலில் டீசலில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி கலந்து வெள்ளையாக வரும், பிறகுதான் தெளிந்த டீசல் ஒரே சீராக வழியும். வெள்ளையாக வரும்போதே பொறுமை இழந்து இறுக்கிவிடுவது வழக்கமான தப்பு. தெளிந்த டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே, ஓட்டம் நிற்காமல், ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடியில் இருக்கும் செம்பு வாஷர் நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புது வாஷர் சில ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். வெறி கொண்டு இறுக்கி ஸ்க்ரூவை முறித்துவிடாதீர்கள்.

அப்புறம் பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூ, அதே முறையில். கடைசியாக நாசில் பைப்புகள். நாசில் பக்கம் உள்ள நட்டுகளை, பெரும்பாலும் 17 ஸ்பேனர் சேரும், ஒரு சுற்று தளர்த்துங்கள். ஆக்ஸிலேட்டரை முழுதாக வையுங்கள், ஸ்டாப் கேபிள் உள்ளே இருக்கட்டும். செல்ப் அடியுங்கள். ஒரு முறைக்குப் பத்து செகண்டுக்கு மேல் அடிக்காமல், நடுவில் அரை நிமிடம் விட்டு விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிப் பேட்டரியும் இறங்கிவிடும். ஒவ்வொரு நட்டிலிருந்தும் குமிழி இல்லாமல் டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இரண்டு சிலிண்டரில் பிடித்து இன்ஜின் தடதடவென்று ஓடும், சில விநாடியில் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வேலை நடக்கும்போது நட்டுக்குப் பக்கத்தில் கையை வைக்காதீர்கள், விரலால் அடைத்துப் பார்க்காதீர்கள். நாசில் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, சிகிச்சை தாமதமானால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். அப்படி நடந்தால் கழுவிவிட்டுக் கட்டுப் போடுகிற காயமாக நினைக்காமல், உடனே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே புகுந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், வீட்டுப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

ஏர் எடுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சைலன்ஸரைப் பாருங்கள். செல்ப் அடிக்கும்போது வெளுத்த புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசல் இன்னும் போகவில்லை, காற்று மிச்சம் இருக்கிறது.

இன்ஜின் ஓடியும் ஒரு சிலிண்டர் மிஸ் அடிப்பது போல் இருந்தால், ஐடிலில் வைத்து நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, லேசாகத் தளர்த்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் உடனே விழும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். அந்த ஒரு நாசிலை மட்டும் கழற்றிப் பம்பு கடைக்கு எடுத்துப் போய் டெஸ்ட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புகையாக, சீராகப் பூக்க வேண்டும். ஒரு கம்பி போல நேராக அடித்தாலோ முனையில் சொட்டினாலோ நாசில் மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது பழைய செம்பு வாஷர் துளைக்குள்ளேயே தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

டீசலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 (புகை மாசைக் குறைக்கும் பாரத் ஸ்டேஜ் தரம்) டீசல் வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. கந்தகம் 50 பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது. பழைய வண்டிக்கு இது ஆகாது, பம்பு காய்ந்துபோகும், கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும் என்று சொல்வார்கள். வேண்டியதில்லை. கந்தகத்தை எடுக்கும்போது போகிற வழவழப்பை ஈடுகட்ட ரிபைனரியிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பழைய ரப்பர் சீல்கள் மட்டும் சில வண்டிகளில் சுருங்கிக் கசியலாம், கசிந்தால் சீலை மாற்றினால் போதும். உண்மையில் பம்பைக் கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்பு. மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு. பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான் என்பதால் பிளஞ்சர் சீக்கிரம் தேய்ந்துவிடும். பெட்ரோல் பங்கிலிருந்து டீசல் வாங்கிவர பூச்சிமருந்து கேனைப் பயன்படுத்தாதீர்கள், கழுவிக் காயவைத்த கேனில்கூடத் தண்ணீர் தங்கும். டீசலுக்கென்று தனிக் கேன், மெல்லிய சல்லடை வைத்த புனல், இரண்டும் ஷெட்டில் இருக்கட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் பம்புதான் என்று உறுதியானால் கொடுக்கத்தான் வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்தச் சின்ன இன்ஜின்களில் பல மாடல்களில் பம்புக்கு அடியில் மெல்லிய தகடு ஷிம்கள் இருக்கும். எத்தனை ஷிம், எந்தத் தடிமன் என்பதுதான் டைமிங்கைத் தீர்மானிக்கிறது. ஒன்று தொலைந்தாலும் கூடினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் தட்டும், புகை தள்ளும், இழுக்காது. கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, ஷிம்களை எண்ணி, போட்டோ எடுத்து, கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் ஈய சீல் வைத்த ஸ்க்ரூவைத் தோட்டத்தில் வைத்து யாரும் திருகக் கூடாது, அது டெஸ்ட் பெஞ்சில் மட்டும் தொட வேண்டியது.

அடுத்த மழைக்கு முன் டேங்கை வாய் மட்டம் வரை நிரப்பி வையுங்கள், ஈரக்காற்றுக்கு இடமே இருக்காது. பில்டர் அடியில் வடிகால் ஸ்க்ரூ இருந்தால் மாதம் ஒரு முறை திறந்து ஒரு அரை டம்ளர் வடித்துப் பாருங்கள். வேலை இல்லாவிட்டாலும் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் இன்ஜினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். இப்போதைக்கு மூடியையும் டேங்கையும் பாருங்கள். டீசலை பாட்டிலில் பிடித்து வைத்து என்ன தெரிகிறது, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.